டெசிக்கேட்டருக்குள் இரண்டு லட்டு

1. மூன்று நாள்

திருப்பதியில் ஒரு பௌதிக ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக டெக்னீஷியன் வேலை பார்த்தேன். அந்த வருடங்களில் ஃபர்னஸ் வெடித்திருக்கிறது. ஆசிட் பாட்டில் கை தவறி உடைந்திருக்கிறது. ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஜன்னல் வழியாகப் புகுந்து ஒரு ஸ்காலரின் மூன்று மாத ரீடிங் நோட்டைக் கிழித்துப் போட்டிருக்கிறது. எதற்கும் நான் தூக்கம் கெட்டவன் இல்லை. படுத்தால் கட்டை மாதிரி தூங்குவேன். என் வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்லுவாள்.

தூக்கம் கெட்டது மொத்தம் மூன்று நாள்தான். ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதற்குக் காரணம் இரண்டு லட்டு. அவற்றை நான் வைத்த இடத்தால் ஒரு பெண்ணின் ஜப்பான் பயணம் கெட இருந்தது. துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் நாலு விஷயம் இருக்கிறது. அதை வேறு யாராவது மேடையில் சொல்லிக்கொள்ளட்டும்.

என் பெயர் ஆசீர்வாதம். ஊர் கங்காதர நெல்லூர் பக்கம். நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு, தினக்கூலி டெக்னீஷியனாக அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் நாள் காலையிலேயே புரொபசர் ராகவய்யா என்னைக் கூப்பிட்டு மேஜை மேல் இருந்த ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தைக் காட்டினார். கனமான மூடி, விளிம்பில் கிரீஸ், நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு பீங்கான் தட்டு. தட்டுக்குக் கீழே நீலக் கற்கள்.

"ஏமய்யா, இது டெசிக்கேட்டர். தண்ணி பட்டா செத்துப்போற சாமானெல்லாம் இதுலதான் வெக்கணும். மூடியைத் தூக்காதே, பக்கவாட்டில தள்ளித் தெறக்கணும். இனிமே இது உன் பொறுப்பு. வேற எவனாவது கை வெச்சா எனக்குச் செப்பு."

கீழே இருக்கும் கற்கள் சிலிக்கா ஜெல். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நீலமாக இருந்தால் தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டால் பிங்க் நிறமாக மாறிவிடும். உடனே எடுத்து ஓவனில் போட்டு வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். நீலம் நல்லது, பிங்க் ஆகாது. என் வேலையில் இதைவிடச் சுலபமான பாடம் கிடையாது. அதில்தான் நான் கோட்டை விட்டேன்.

2. கசியாத பேட்டரி

டார்ச் லைட்டில் பழைய செல்லை மறந்து விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கசிந்து, ஸ்பிரிங் பச்சை பூத்து, டார்ச்சே வீணாகப் போகும். செல்லுக்குள் ஈரமாக ஒன்று இருப்பதால்தான் அந்தத் தொல்லை. அந்த ஈரத்துக்குப் பதிலாக உலர்ந்த பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து, அதன் வழியாக அயனிகளை நடக்கவிட முடியுமா என்பதுதான் எங்கள் புரொபசரின் ஆராய்ச்சி. பாலிமர் எலக்ட்ரோலைட் என்பார்கள்.

செய்முறை என்னவோ கஞ்சி காய்ச்சுகிற மாதிரிதான். பாலிமர் வெள்ளைப் பவுடராக வரும். அதையும் சோடியம் உப்பையும் மெதனாலில் போட்டு, மேக்னடிக் ஸ்டிரரில் மணிக்கணக்காகச் சுற்றவிட்டால் கொழகொழவென்று வரும். அதைத் தட்டையான கிண்ணத்தில் ஊற்றிக் காயவைத்தால், பால் ஆடை மாதிரி மெல்லிய ஃபிலிம் கிடைக்கும். இடுக்கியால் உரித்து எடுத்து, டெசிக்கேட்டரில் வைத்து நன்றாக உலர்த்தி, இரண்டு உலோக வில்லைகளுக்கு நடுவில் வைத்து, எலக்ட்ரோமீட்டரில் அயனி எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்குக் கண்டக்டிவிட்டி என்று பெயர். அந்த எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல பேட்டரி.

வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவு திறந்துவிட்ட காலம் அது. முன்பெல்லாம் ஒரு மீட்டர் இறக்குமதி செய்ய லைசென்ஸுக்கு அலைந்தே செருப்புத் தேயும். இப்போது கம்பெனிக்காரர்களே கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு தேடி வந்தார்கள். ஊரில் பேஜர் வந்திருந்தது, செல்போன் வரப்போகிறது என்று பேச்சு. எல்லாவற்றுக்கும் சின்னதாக, கசியாத பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு ஆராய்ச்சி செய்ய வேண்டிய பையன்களோ கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துவிட்டு பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். புரொபசரிடம் ஐந்து ஸ்காலர்கள் இருந்தார்கள். இரண்டே வருடத்தில் மிஞ்சியது மல்லிகா ஒருத்திதான்.

மல்லிகாவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். துண்டு நிலம் இல்லாத குடும்பம். அவளுடைய அப்பா கரும்பு வெட்டுவார், வெல்லக் கொட்டகையில் அடுப்பெரிப்பார். அந்த வீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. தங்கப் பதக்கம் வாங்கி வந்தவள். நாங்கள் இருவரும் தமிழில் பேச ஆரம்பித்தால், புரொபசர், "ஏம்மா, நெல்லூர் பாஷை ஸ்டார்ட் ஆயிடிச்சா?" என்று கிண்டல் பண்ணுவார்.

அவளுடைய ஃபெல்லோஷிப் முடிய நான்கு மாதம் இருந்தபோது, ஜப்பானில் ஒரு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருட வேலை. உங்கள் சிறந்த ஃபிலிமின் கண்டக்டிவிட்டியை எழுதி, ஃபிலிமிலும் ஒரு துண்டு அனுப்புங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிள் ஊருக்குப் போய் நாலு வீட்டில் கேட்டுவிட்டு வந்தார். அவ்வளவுதான். மல்லிகா ஜப்பான் போகிறாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

"ண்ணா, எங்க தெருவுல எல்லாம் என்னை ஜப்பான்காரின்னுதான் கூப்பிட்டுகினு கீறாங்க. கெடைக்கலன்னா நான் எந்த மூஞ்சை வெச்சிகினு ஊருக்குப் போறது?" என்று என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பில் பாதி பயம்.

3. வாங்கு, தின்னாதே, கீழே போடாதே

திருப்பதியில் வேலை பார்க்கிறவனுக்குச் சம்பளத்தோடு ஒரு உபரி வேலை உண்டு. வெளியூர் ஆட்கள் யார் வந்தாலும் மலைக்குப் போக வழி செய்து கொடுக்க வேண்டும். பெங்களூரிலிருந்து எலக்ட்ரோமீட்டரைப் பார்க்க ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வருவார். மெஷின் ரிப்பேரே ஆகாவிட்டாலும் வருடத்துக்கு இரண்டு தடவை வந்துவிடுவார். அவருக்குத் திருச்சானூரில் லாட்ஜ், மலைக்கு ஜீப் எல்லாம் நான்தான் ஏற்பாடு செய்வேன்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் அவர் தரிசனம் முடித்துவிட்டு வந்து, நியூஸ்பேப்பரில் சுற்றிய இரண்டு பெரிய லட்டுகளை என் கையில் வைத்தார். "உங்களுக்குன்னு தனியா வாங்கினேன் சார்," என்றார். நான் கிறிஸ்தவன் என்பது அவருக்குத் தெரியாது. திருப்பதியில் நின்றுகொண்டு லட்டு வேண்டாம் என்று சொன்னால் மனிதர் முகம் வாடிவிடும். வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. நைனா, அதாவது என் அப்பா, சொல்லிக் கொடுத்தது. "படைச்சதை யாராச்சும் குடுத்தா வாங்கிக்கோ. துன்னாதே. கீழயும் போடாதே. கும்புடறவன் கையில குடுத்துடு." எங்கள் சபையில் எல்லோரும் அப்படித்தான். பொங்கலுக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதை வாங்கி, அடுத்த தெருவில் கொடுத்துவிடுவோம். யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை.

லேபில் எனக்குக் கும்பிடுகிறவன் என்றால் முனிரத்தினம்தான். அட்டெண்டர், என் வயதுக்காரன், என்னை மரியாதைக்கு அண்ணா என்பான். அவன் அந்த நேரம் பார்த்து மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போயிருந்தான். வர பத்து நாள் ஆகும். புரொபசருக்குச் சர்க்கரை வியாதி. லட்டைக் காட்டினாலே அவர் வீட்டம்மா சண்டைக்கு வருவார்கள். மல்லிகாவிடம் கொடுத்திருக்கலாம். என்னவோ, அது முனிரத்தினம் பங்கு என்று மனதில் எழுதிவிட்டேன்.

எங்கே வைப்பது? அலமாரி முழுக்க எறும்பு. மழைக்காலம் வேறு, மேஜை மேல் வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். பிரசாதம் கெட்டுப்போனால் பாவம் யாருக்கு? சுற்றும் முற்றும் பார்த்தேன். எறும்பு புகாத, பூஞ்சை பிடிக்காத, என்னைத் தவிர யாரும் தொடாத இடம் அந்த ரூமில் ஒன்றுதான் இருந்தது. வெளிச்சம் படக் கூடாது என்று அதற்கு எப்போதும் கறுப்புத் துணி போட்டு மூடியிருப்போம். மூடியைத் தள்ளித் திறந்து, லட்டுப் பொட்டலத்தைப் பீங்கான் தட்டின் ஓரத்தில் வைத்து, கிரீஸ் தடவி மூடினேன். என்ன மூளைடா உனக்கு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

4. நூறு மடங்கு

அந்த வாரம் விடாமல் மழை. மல்லிகா புதிய கலவையில் மூன்று ஃபிலிம் செய்திருந்தாள். வழக்கம் போல அவள் கிண்ணத்தோடு என்னிடம் கொடுப்பாள், நான் டெசிக்கேட்டரில் வைப்பேன், இரண்டு நாள் கழித்து எடுத்துக் கொடுப்பேன். அவள் டெசிக்கேட்டரைத் திறக்க மாட்டாள். அது என் பொறுப்பு என்ற சட்டத்தை அவளும் மதித்தாள்.

இரண்டாவது ஃபிலிமை வைக்கப் போனபோது ஜெல் பிங்க் ஆகியிருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகப் பார்த்தேன். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஓவனில் வேறு சாமான் இருந்தது, கரண்டும் வருவதும் போவதுமாக இருந்தது. நாளைக்கு வறுத்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். நாளை வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நான் வறுக்கவில்லை.

முதல் ஃபிலிமிலேயே மல்லிகா திகைத்துப்போனாள். வழக்கமாக எங்களுக்கு வரும் எண்ணைவிட நூறு மடங்கு அதிகம். அவள் அவசரக்காரி இல்லை. வயரை மாற்றினாள், சாம்பிள் ஹோல்டரைத் துடைத்தாள், மீட்டரைச் சரிபார்த்தாள். இரண்டாவது ஃபிலிமும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? மூன்றும் ஒரே டெசிக்கேட்டரிலிருந்து வந்தவை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

புரொபசர் கிராஃபை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதி கண்டக்டிவிட்டி அம்மா. இதுக்குத்தான் பத்து வருஷமா வெயிட் பண்ணேன்," என்றார். கிராஃபை மடிக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஜப்பானுக்குக் கடிதம் டைப் ஆனது. திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் ஃபிலிமோடு அனுப்புவது என்று முடிவானது.

5. சுத்தியல் கேட்ட முனிரத்தினம்

வெள்ளிக்கிழமை முனிரத்தினம் வந்து சேர்ந்தான். மல்லிகா நூலகத்துக்குப் போயிருந்தாள். "வாப்பா, உனக்கு ஒண்ணு பத்திரமா வெச்சிருக்கேன்," என்று டெசிக்கேட்டரைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தான். லட்டைப் பிட்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு கையாலும் அமுக்கினான். மேஜை விளிம்பில் தட்டினான். டொக்கென்று சத்தம் வந்தது.

"இன்னாண்ணா இது, கல்லாட்டம் கீது. சுத்தி எட்தா, ஒடைச்சிப் பாக்கலாம்."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையால் தொட்டால் நெய் ஒட்டுகிற லட்டு அது. அதிலிருந்த ஈரமெல்லாம் எங்கே போனது? டெசிக்கேட்டருக்குள் இருந்த பிங்க் கற்களைப் பார்த்தேன். கற்கள் குடித்தது போக மிச்சம் எங்கே போயிருக்கும்? ஃபிலிமில் இருக்கும் சோடியம் உப்புக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஃபிலிம் குடித்திருக்கிறது. ஈரத்தில் அயனி ஓடத்தான் செய்யும். நாங்கள் பத்து வருடமாகக் காத்திருந்த எண், லட்டின் ஈரம் தந்த எண்.

முனிரத்தினத்தின் கையிலிருந்து லட்டைப் பிடுங்கிக்கொண்டேன். "இத்தைத் துன்னாதே. மருந்து சாமானோட இருந்தது. வேற வாங்கித் தரேன்," என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வெளியே சொல்லவும் முடியாது, உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாது.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான். என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அப்போதுதான் மேலிடத்துக்குப் போயிருந்தது. புரொபசர் ஒரு வரி எழுதினால் ஃபைல் அங்கேயே படுத்துவிடும். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட மல்லிகாவின் முகத்தைப் பார்த்து, அந்த எண் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாவிட்டால் அவள் ஜப்பானுக்குப் போய்விடுவாள், என் வேலையும் தப்பிக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. ஒரு நாள் முழுக்க அந்தக் கணக்கையே நம்பப் பார்த்தேன்.

சனிக்கிழமை மல்லிகாவின் அப்பா சித்தூரிலிருந்து பாகாலா வழியாக ரயிலில் வந்து இறங்கினார். புரொபசருக்கு ஒரு வெல்ல உருண்டை, எனக்கு ஒரு வெல்ல உருண்டை. லேபுக்குள் வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். அடுப்பெரித்துக் காய்த்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பொண்ணு எல்லாம் சொல்லிச்சி. நீங்க எட்த்து வெச்சிக் காய வெச்சதுதான் அப்டி வந்துகீதாமே. உங்க கை ராசின்னு சொல்லிச்சி. நல்லா இருக்கணும் நீங்க."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் ரயிலுக்குப் போன பிறகு வெல்லத்தை அப்படியே அலமாரியில் வைத்தேன். எறும்பு தின்றால் தின்னட்டும்.

6. ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக லேபுக்குப் போனேன். ஜெல்லை எடுத்து ஓவனில் போட்டேன். மூன்றாவது ஃபிலிமில் மிச்சம் இருந்த துண்டை வேக்யூம் ஓவனில் நாலு மணி நேரம் உலர்த்தினேன். கற்கள் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டு வந்தன. ஃபிலிமை எடுத்து, ஆறவிடாமல் ஹோல்டரில் வைத்தால் எண் தப்பாக வரும் என்பதால், நீலக் கற்களோடு வைத்து ஆறவிட்டு அளந்தேன்.

பழைய எண்ணே வந்தது. நூறு மடங்கு காணாமல் போயிருந்தது. அதுவரைக்கும் என் நினைப்பு தப்பாக இருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அதுவும் போனது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் நாலு மணி நேரத்தில் கண்டுபிடித்ததை ஜப்பான்காரர்கள் நாலு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தால் பொய் சொன்னவள் என்ற பேர் அவளுக்குத்தான் வரும். லட்டு வைத்தவன் பெயர் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. எழுந்தேன், கதவைப் பூட்டினேன், லேடீஸ் ஹாஸ்டலுக்கு நடந்தேன்.

பார்வையாளர் ஹாலில் மல்லிகா ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜினியர், லட்டு, எறும்பு, பிங்க் ஜெல், கல்லாய்ப் போனது, இன்றைக்கு வந்த ரீடிங். ஒன்றையும் விடவில்லை.  

"வெள்ளிக்கெழமையே தெரியும், இல்லண்ணா?"

"தெரியும்."

"நேத்து எங்க நைனா உங்க கையைப் புடிச்சிகினு பேசினாரே. அப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. ஆனால் கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்ததே இல்லை.

"லட்டு ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்ல. என் டிராயர்ல கீது."

"போடாதீங்க. எடை பாக்கணும்."

7. கவர் இன்னும் ஒட்டவில்லை

திங்கட்கிழமை காலை புரொபசர் ரூமில் நான்தான் முதலில் பேசினேன். மல்லிகா பேச வாயெடுத்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சொல்லி முடித்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. மேஜை மேல் அந்தக் கடிதமும், ஃபிலிம் வைத்த கவரும் இருந்தன. கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஒட்டவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பெரிதாக மூச்சு விட்டார்.

"பதிகிப்போயாம்," என்றார் தெலுங்கில். பிழைத்தோம் என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்தார். "ஆசீர்வாதம், லட்டு வெச்சது முட்டாள்தனம். அதை நான் மன்னிச்சிடுவேன். ஜெல் பிங்க் ஆச்சின்னு பாத்தியே, பாத்துட்டு மூடினியே. அதி தப்பு. லட்டு தெரியாம பண்ணது. மூடினது தெரிஞ்சி பண்ணது."

"ஆமா சார்."

"ஃபைல் பத்திப் பயந்துதானே மூணு நாள் சொல்லல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போய் ஜெல்லை வறு," என்றார். அவ்வளவுதான். அந்த ஃபைலை அவர் நிறுத்தவில்லை என்பது அடுத்த வருடம் ஆர்டர் கைக்கு வந்தபோதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அன்றைக்கு நான் ரூமை விட்டு வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன்.  மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பசித்தது. கர்த்தாவே, பசி எவ்வளவு நல்ல விஷயம் என்று நினைத்தேன். ஆனால் மல்லிகாவின் காரியம் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

முனிரத்தினம் மலையிலிருந்து அதே அளவில் புது லட்டு வாங்கி வந்தான். மல்லிகா பழையதையும் புதியதையும் தராசில் வைத்தாள். வித்தியாசம் ஒரு டம்ளரின் அடியை மறைக்கிற அளவு தண்ணீர். பிறகு இரண்டு வாரம் அவள் தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன். வெவ்வேறு ஈர அளவில் டப்பாக்களைத் தயார் செய்து, ஒவ்வொன்றிலும் ஃபிலிமை வைத்து, எவ்வளவு ஈரத்துக்கு எண் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு அட்டவணை போட்டாள். தினமும் மூன்று வேளை ஜெல்லைப் பார்த்து நோட்டில் நிறம் எழுதினேன். நீலம், நீலம், நீலம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கல் லட்டு இரண்டையும் என்ன செய்வது என்று கேள்வி வந்தது. லேபில் கிடந்ததை யாரும் தின்னக் கூடாது. முனிரத்தினம் அவற்றை இடித்துத் தூளாக்கி, கால் படாத இடமாகப் பார்த்து, பின்பக்கம் வேப்ப மரத்தடியில் தூவினான். பத்து நாள் எறும்பிடமிருந்து நான் காப்பாற்றிய லட்டு கடைசியில் எறும்புக்கே போய்ச் சேர்ந்தது.

கடிதம் மாறியது. உலர்ந்த ஃபிலிமின் சாதாரண எண் முதலில், ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்ற அட்டவணை அடுத்து. முதலில் தவறாக ஒரு பெரிய எண் வந்ததையும், அதற்குக் காரணம் டெசிக்கேட்டரில் தவறுதலாக வைக்கப்பட்ட ஈரப்பொருள் என்பதையும் ஒரு பாராவில் எழுதினாள். என் பெயரை எழுதச் சொன்னேன். "அது எதுக்குண்ணா அவங்களுக்கு?" என்று விட்டுவிட்டாள்.

பதில் வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். வந்த அன்று மல்லிகா கவரைப் பிரிக்காமல் என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். "நீங்களே பிரிங்க. உங்க கை ராசியைப் பாப்போம்," என்றாள். கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. பிரித்துக் கொடுத்தேன். படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"வரச் சொல்லிட்டாங்கண்ணா."

பெரிய எண்ணோடு தங்களுக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன என்றும், தண்ணீரை அளந்து எழுதியது இது ஒன்றுதான் என்றும் எழுதியிருந்தார்கள்.  வெளிப்படையாகவே அழுதேன். முனிரத்தினம் எட்டிப் பார்த்து, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனான். கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. அந்த ஈரப்பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள். மல்லிகா அன்றைக்கே பதில் எழுதினாள். நெய்யும் சர்க்கரையும் கடலை மாவும் சேர்ந்த இனிப்பு என்று அவள் எழுதியதை டைப் அடித்தவர், மேட்டர் சரிதானா என்று இரண்டு தடவை கேட்டார்.

8. பார்சல்

மல்லிகா போய் ஒரு வருடம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே அழகான டப்பாவில் ஜப்பான் இனிப்பு. ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில். டப்பாவின் மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டலம். அழுத்திப் பார்த்தேன். உள்ளே கரகரவென்று கற்கள். ஆயுசு முழுக்கத் தொட்ட சாமான், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். சிலிக்கா ஜெல்.

கூடவே ஒரு சீட்டு. "அண்ணா, இந்த ஊரில் ஸ்வீட் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் விற்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது கடையிலேயே நின்று சிரித்தேன். நீங்கள் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் ஸ்வீட் வைத்தீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஹாஸ்டலுக்கு நடந்து வராமல் இருந்திருந்தால் நான் இந்தக் கடையில் நின்றிருக்க மாட்டேன். நைனா உங்கள் கையைப் பிடித்தது சரிதான்."

முனிரத்தினம் டப்பாவை மோந்து பார்த்தான். "ஏண்ணா, இது சாமிக்குப் படைச்சதா, படைக்காததா?"

"கடையில வாங்கினது."

"அப்ப இந்த தபா நீயும் துன்னு."

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தப்பு எல்லோரும் செய்வார்கள், லட்டை எங்காவது வைக்கத்தான் செய்வார்கள். கல் பிங்க் ஆனதைப் பார்த்த பிறகு மூடியை மூடாதீர்கள். மூடிவிட்டால், கவர் ஒட்டுவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள்.